டீச்சர் எதற்குப் பிரதேச சபைக்கு?

(2025இல் தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கிய கையோடு வந்திருக்கிறீர்கள். நேரத்தை இழுக்க மாட்டோம்.

நம்ம டீச்சரை இந்த வட்டாரத்தில் நிறுத்துவது என்று சங்கம் முடிவெடுத்த நாளிலிருந்து லயத்துக்கு லயம் ஒரே கேள்வி: "டீச்சருக்கு எதுக்கு அரசியல்? புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தா போதாதா?" நியாயமான கேள்விதான். சம்பளமில்லாத லீவில் நின்றுதான் அவர் போட்டியிடுகிறார். அவருடைய வகுப்பை நாங்கள் மாறி மாறி எடுக்கிறோம். எல்லாப் பாடமும் குறையில்லாமல் நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டோம்.

ஆனால் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பைப் பாருங்கள். மழை பிடித்தால் பணியக் கணக்குப் பிள்ளைகள் வருவதில்லை. பாதையே ஓடையாகிவிடுகிறது. வராத பிள்ளைக்கு எதைப் படிப்பிப்பது? அந்தப் பாதைக்காக டீச்சர் எழுதிய கடிதங்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. தோட்டத்து ஆபீசில் "சபையைக் கேளுங்கள்" என்றார்கள். சபையில் "அது தோட்டத்துப் பாதை" என்றார்கள்.

இந்த இழுபறி நேற்று வந்ததல்ல. 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கு திரும்பி வந்த பிறகும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. நமது வாக்கில் உறுப்பினர் வருவார். நமது லயத்துக் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து தர வழியிருக்காது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, பாதை, கிணறு போன்ற பொது வசதிகளை இப்போது சபை செய்து கொடுக்கலாம்.

"செய்யலாம்" என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். தானாக நடக்காது. சபையில் பிரேரணை வைக்க வேண்டும், நிர்வாகத்திடம் கடிதம் வாங்க வேண்டும், வருட முடிவில் பட்ஜெட் போடும்போது பணத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். டீச்சருக்கு அது பழகிப்போன வேலை.

பெண்களுக்கு 25 வீத இடம் என்று சட்டம் இருக்கிறது. பட்டியலில் பெயர் மட்டும் தந்தால் போதும் என்று அவரிடம் வந்தவர்களும் உண்டு. மாட்டேன் என்றுவிட்டார். வட்டாரத்தில் நின்று வாசல் வாசலாக வாக்குக் கேட்கிறார்.

ஒன்றைத் திறந்து சொல்கிறோம். நாட்சம்பளம் பிரதேச சபையில் தீராது. காணியும் தனிவீடும் அங்கே கிடைக்காது. அதற்குச் சங்கம் வேறு இடத்தில் போராட வேண்டும். பாதை, கான், தெரு விளக்கு, குப்பை, நூலகம் - சபையில் கேட்க வேண்டியது இவற்றைத்தான். டீச்சரிடமும் இவற்றைத்தான் கேளுங்கள். ஜெயித்த பிறகும் விடாதீர்கள்.

2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போய், இப்போது 2025 மே 6ஆம் திகதி வருகிறது. செவ்வாய்க்கிழமை, வேலை நாள். வாக்களிப்பு மாலை 4 மணிக்கு முடிந்துவிடும். கொழுந்து நிறுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடையாள அட்டையை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். அட்டை தொலைந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள், கிராம உத்தியோகத்தரிடம் சேர்ந்தே போவோம்.