கடாரத்துக் கற்களும் நம் வீட்டுப் பெட்டிகளும்

(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழாவையொட்டி நம் சங்கத்துக் குடும்பங்கள் ஜித்ராவிலிருந்து பேருந்தில் பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சென்று வந்தோம். புறப்படுமுன் சிலர், "முஸ்லிம் சங்கத்தார் பழைய கோயில் இடிபாடுகளைப் பார்க்கப் போவானேன்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அங்கே கண்டதைச் சொன்னாலே விடை கிடைத்துவிடும்.

மெர்போக்கில், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கிறது தொல்பொருள் காட்சியகம். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் அந்நாளில் கடலோடிகளுக்குக் கரை காட்டிய அடையாளம். அங்கே புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளம் நிற்கிறது. 1959-60இல் அலஸ்டேர் லாம்ப் அகழ்ந்து சீரமைத்தது அது. தூண்களைத் தாங்கிய கற்கள் இருக்கின்றன. மரத்தூண்களும் கூரையும் எப்போதோ மக்கிப் போய்விட்டன.

கோயில்கள் மட்டும் இருந்த இடமல்ல இது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறைகளும் வெளிப்பட்டுள்ளன. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், மணிகள் ஆகியவை கிடைத்தன. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த சரக்குகளில் காழகத்துப் பொருளையும் பட்டினப்பாலை சேர்க்கிறது. காழகம் என்பது கடாரமே என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். 1025இல் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதைப் பள்ளியில் படிக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் நடந்த நெடுங்கால வணிகத்தைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை.

அந்த வணிகத்தை நடத்தியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழகக் கரையிலிருந்து கிழக்கே வந்த கப்பல், திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்குக் கிடங்கு வேண்டும், சோறு வேண்டும், தொழ இடம் வேண்டும். ஊர் இப்படித்தான் உண்டாயிற்று. இதே பருவக்காற்று இந்துமாக்கடலின் மறுகோடியில், ஆப்பிரிக்கக் கரையில், கில்வா, கெடி போன்ற சுவாஹிலி வணிக நகரங்களை வளர்த்தது. 1331இல் இப்னு பதூதா கில்வாவுக்குச் சென்றார். பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தார். கில்வாவின் பெரிய பள்ளிவாசல் இன்று இடிபாடு. அங்கும் மண்ணில் கிடைப்பவை சீனப் பீங்கானும் மணிகளும்தான். அங்கே கரையோர மக்களின் மொழியில் அரபுச் சொற்கள் கலந்தன. இங்கே மலாயில் நம் கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. முதல் 'மோடால்' ஆயிற்று. நான்கும் வியாபாரிகள் விட்டுச்சென்ற சொற்கள்.

பூஜாங்கில் வாழ்ந்தோரின் வழிபாடு வேறு. ஆனால் அவர்கள் வந்த கடல்வழியில்தான் நம் முன்னோரும் வந்தார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்குமுன்பே சோழமண்டலக் கரை முஸ்லிம் வணிகர்கள் கெடாவில் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். கெடாவில் நமக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அந்தப் பயணத்தின் காரணம் இதுவே.

காட்சியகத்தில் நம் பிள்ளைகளில் ஒருவர், "இந்த வியாபாரிகளின் பெயர் என்ன?" என்று கேட்டார். சரக்கு இருக்கிறது, சரக்கைக் கொண்டுவந்தவர்களின் பெயர் இல்லை. ஆயினும் ஒரு பெயர் தப்பியது. 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். சுமார் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரக்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன், பெரும் மாலுமி, தன் பயணம் நல்லபடி நிறைவேற வேண்டி வெட்டிவைத்தது. இன்று அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. வந்து போன எத்தனையோ பேரில் அவரை நாம் அறிவதற்குக் காரணம், அவர் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தது ஒன்றுதான்.

கல்லுக்கும் பாதுகாப்பு நிச்சயமில்லை. 2013இல் இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் கோயில் அடித்தளம் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. கல்லுக்கே அந்த நிலை என்றால் காகிதத்துக்கு என்ன நிலை? வீடு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவது பாட்டனாரின் தகரப்பெட்டிதானே! அதில் ரஜூலா கப்பல் பயணச்சீட்டு இருக்கலாம். மளிகைக்கடைப் பற்றுவரவு நோட்டு, ஊரிலிருந்து வந்த அரபுத்தமிழ்க் கடிதம், பின்பக்கம் பெயர் எழுதாத பழைய புகைப்படம் இருக்கலாம். இந்தச் சங்கத்தைத் தொடங்கிய தலைமுறையில் இன்று நம்மிடையே இருப்பவர்கள் சிலரே. அவர்கள் முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய படங்களை நாளை யார் சொல்வார்?

ஆகவே குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவரிடம் உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? எந்த ஆண்டு? எந்தக் கப்பலில்? முதலில் யாரிடம் வேலைக்கு நின்றார்கள்? விடையைத் தேதி போட்டு எழுதுங்கள். படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். அடக்கத்தலத்தில் எழுத்து மங்கிய மீஸான் கற்களைப் படியெடுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஊரில் தனித்திருந்து பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்கள். ஒரு படியைச் சங்கத்திடம் கொடுங்கள்.

அல்லாஹ் நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் உழைப்புக்கு நற்கூலி வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.