இரவு விளக்கும் கோழிக் கொட்டகையும்



ஊருக்குத் தெருவிளக்கு கேட்பது நியாயமே. ஆயினும் அவ்வொளி கோழிக் கொட்டகைக்குள் விழுமாயின் விளைவது யாது?

கோழி ஒளியைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவி மூளையை எட்டும் ஒளி, பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியே சினைப்பையைத் தூண்டுகிறது. ஆதலால்தான் நாமக்கல் பண்ணையாளர், மார்கழியில் சுமார் 11½ மணி நேரமே நீளும் பகலோடு விளக்கொளியும் சேர்த்து, முட்டையிடும் கோழிக்கு 16 மணி நேரம் வரை ஒளி தருகின்றனர். எஞ்சிய நேரம் அதற்கு இருள் வேண்டும். இருளில்தான் மெலடோனின் சுரக்கிறது.

குஞ்சுப் பருவம் கடந்து வளரும் பெட்டையின் நிலை வேறு. 16 வாரம் நிறையுமுன் இரவிலும் ஒளிபட்டால், உடல் முதிருமுன்னரே முட்டையிடத் தொடங்கக்கூடும். முட்டை சிறுக்கும், முட்டைக்குழாய் பிதுங்கிக் கோழி மடிவதும் உண்டு. பழியோ தீவனத்தின்மேல் விழுகிறது!

விளக்கை அகற்றுமாறு நான் சொல்லவில்லை. ஒளி வீதியில் மட்டும் விழுமாறு தகட்டு மறைப்புப் பொருத்தலாம். கொட்டகையின் அப்பக்கத்தில் காற்றோட்டம் கெடாதவாறு இரவில் சாக்குப் படுதா தொங்கவிடலாம். கம்பம் நடுமுன் கொட்டகை எங்கிருக்கிறதென்று பார்த்துவிடுவது இன்னும் மலிவு.