காற்றின் கணக்கும் நம் கடமையும்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் பாராட்டுரைகள் நிரம்ப ஒலித்துவிட்டன. அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, நம் பிள்ளைகள் கற்க வேண்டிய ஒரு துறையைப் பற்றிச் சிந்திப்பதே இவ்விழாவிற்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம். புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுப்பதும், பிரித்ததை வினையூக்கிகளின் துணையால் வேறு பொருளாக மாற்றுவதுமே அத்துறை. வேதிப் பொறியியலார் உலகெங்கும் ஈடுபட்டுள்ள ஆராய்ச்சி இது. 'நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் வினவக்கூடும். நெருங்கிய தொடர்பு உண்டு என்பதையே இவ்வுரையில் எடுத்துக்காட்ட விழைகிறோம்.

கார்பன் டை ஆக்சைடு எனப் பாடநூல்கள் குறிக்கும் கரியமிலவாயு நிறமும் மணமும் அற்றது. 1856 ஆம் ஆண்டில் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளில் பல்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமிலவாயு அடைத்த உருளையே மிகுதியாகச் சூடேறியதையும், அச்சூடு தணிய நெடுநேரம் ஆனதையும் கண்டறிந்தார். அவருடைய கட்டுரை அறிஞர் அவையில் படிக்கப்பட்டது. ஆனால் படித்தவர் வேறோர் ஆண் அறிஞர். பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக அவர் பெயரை அறிவியல் உலகம் மறந்தே இருந்தது. உழைத்தவர் பெயர் மறைவது நமக்குப் புதிதன்று.

1958 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்பார் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமிலவாயு இருந்தது. 2024 ஆம் ஆண்டின் சராசரி 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததன் பயனே இவ்வுயர்வு. எரித்து வளம் பெற்றவர் வேறு. ஏறிய வெப்பத்தில் வயலிலும் செங்கற்சூளையிலும் சாலைப் பணியிலும் நின்று உழைப்பவர் வேறு. காற்று எல்லார்க்கும் பொது. 1927 ஆம் ஆண்டில் மகாத் நகரின் குளத்து நீர் எல்லார்க்கும் பொது என்பதை நிலைநாட்டவே அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று நீர் அருந்தினார். பொதுவான ஒன்றைச் சிலர் மட்டும் தம் விருப்பப்படி ஆள்வது முறையா என்னும் அக்கேள்வி இன்று காற்றின்மீதும் எழுந்துள்ளது.

இனி, இவ்வாயுவைப் பிரிக்கும் முறையைக் காண்போம். அனல்மின் நிலையத்துப் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கே கரியமிலவாயு. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். இக்கலவையை ஒரு கோபுரத்தின் அடியில் செலுத்தி, மேலிருந்து அமீன் என்னும் வேதிப்பொருளின் கரைசலைத் தூவுவர். அமீன் காரத்தன்மை உடையது. கரியமிலவாயுவோ நீரில் அமிலமாவது. ஆதலின் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பிறகு அக்கரைசலை மற்றொரு கோபுரத்திற்குக் கொண்டு சென்று நீராவியால் ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடேற்றினால் பிடி தளர்ந்து வாயு வெளியேறும். விடுபட்ட அமீன் மீண்டும் முதற் கோபுரத்திற்குத் திரும்பும்.

பற்றுவது எளிது, விடுவிப்பதே செலவு மிக்கது. ஒரு டன் வாயுவை விடுவிக்க ஏறக்குறைய 1,000 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் வேண்டும். இதனால் ஒரு மின்நிலையம் தன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கையோ, அதற்கு மேலுமோ இழக்க நேரும். உறுதியாகப் பற்றவும் வேண்டும், எளிதில் விடவும் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருளைத் தேடுவதே இத்துறை ஆராய்ச்சியின் உயிர்நாடி.

அன்பர்களே, அமீன் கோபுரம் நேற்றுத் தோன்றியதன்று. ராபர்ட் பாட்டம்ஸ் என்னும் பொறியியலார் 1930 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முறை கரியமிலவாயுவை மட்டும் பிரிப்பதன்று. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவையும் பிரிப்பது. இப்பெயரைக் கேட்டதும் நாம் சற்று நிற்க வேண்டும். பாதாளச் சாக்கடையில் இறங்கிய நம் உடன்பிறப்புகளை மாய்க்கும் வாயு இதுவே. குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்து, இறங்கியவரைச் சில நொடிகளில் வீழ்த்தும். குழாயில் ஓடும் எரிவாயு கெடாமலிருக்க இந்நச்சைப் பிரித்து நீக்கும் அறிவு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிற்சாலைகளில் உள்ளது. இந்நச்சை அளந்து சொல்லும் கருவியும் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. எனினும் மனிதன் இறங்கும் குழியின் வாயில் அக்கருவி வந்து சேரவில்லை. 1993 ஆம் ஆண்டிலும் 2013 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2014 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 ஆம் ஆண்டில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்த பின்னும் சாவு நிற்கவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அறிவு இல்லாமையால் நம்மவர் மாளவில்லை. அறிவு எவர் பொருட்டுச் செலவிடப்படுகிறது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நம்மவர் இல்லாமையால் மாண்டனர். வாயுக்களைப் பற்றி நம் சமுதாயம் நுரையீரலால் கற்றது போதும். இனி ஏட்டாலும் கருவியாலும் கற்க வேண்டும்.

அறிவு எப்போது செயலுக்கு வருகிறது என்பதற்கு நார்வே நாடு நல்ல சான்று. 1991 ஆம் ஆண்டில் அந்நாடு, கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்போர் வெளிவிடும் கரியமிலவாயுவிற்கு வரி விதித்தது. 1996 ஆம் ஆண்டில் வடகடலின் ஸ்லைப்னர் வயலில், எரிவாயுவிலிருந்து அமீனால் பிரித்த கரியமிலவாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினர். ஆண்டிற்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த அறிவைச் சட்டம் ஒன்று வேலை வாங்கிற்று. சட்டம் ஏட்டில் கிடவாமல் கணக்கில் ஏறியதால் விளைந்த பயன் இது.

நம் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. தூத்துக்குடியின் சோடா உப்புத் தொழிற்சாலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டிற்கு 60,000 டன் வரை கரியமிலவாயுவைப் பிரித்து, அதையே சோடா உப்புச் செய்ய மூலப்பொருளாக்கும் திட்டம் 2016 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்குரிய கரைசலை உருவாக்கிய நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர் இருவர். பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும். அச்சோடா உப்பை மணலோடு உருக்கிக் கண்ணாடி செய்யும்போது, பிடிபட்ட வாயு மீண்டும் வெளியேறிவிடும். பாறைக்குள் செல்வது நெடுங்காலச் சேமிப்பு. பண்டமாவது குறுகிய காலக் கைமாற்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுவோரிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அடுத்து வினையூக்கிகளைப் பற்றிச் சில சொற்கள். இரு பொருள்கள் வினைபுரிய இடையில் ஒரு மேட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. வினையூக்கி அம்மேட்டைக் குறைத்துத் தாழ்வான வழியொன்றைத் திறக்கிறது, தான் செலவாவதில்லை. நம் ஒவ்வொருவர் குருதியிலும் துத்தநாகத்தை நடுவில் கொண்ட ஒரு நொதி உள்ளது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பத்து இலட்சம் அளவிலான கரியமிலவாயு மூலக்கூறுகளை மாற்றி, நாம் மூச்சுவிட வழி செய்கிறது. அரசன் குருதியிலும் ஆண்டி குருதியிலும் அதே துத்தநாகம்தான். இயற்கை அங்கே தீண்டாமை பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் செம்பும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த வினையூக்கியின்மேல் கரியமிலவாயுவையும் ஹைட்ரஜனையும் அழுத்தத்தோடு செலுத்தினால் மெத்தனால் என்னும் எரிபொருள் கிடைக்கும். கேட்பதற்கு இனிது. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1.4 டன் கரியமிலவாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். நீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பெற ஏறத்தாழ 50 யூனிட் ஆகும். ஆக 9,500 யூனிட். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின், யூனிட்டிற்கு ஒரு கிலோவை ஒட்டிய அளவில் கரியமிலவாயு வெளியேறும். 1.4 டன்னை விழுங்க 9 டன்னைக் கக்கும் வேலையாக அது முடியும்! ஆனால் ஐஸ்லாந்தில் 2012 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மெத்தனால் ஆலை புவிவெப்ப மின்சாரத்தைப் பயன்படுத்தியது. அங்கே கணக்கு நேராயிற்று. வினையூக்கி காலத்தைக் குறைக்கும்; வரவு செலவை மாற்றாது. இச்சிறு கணக்கைப் போட நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் இயலும். போடத் தெரிந்தவரை எந்த விளம்பரமும் ஏமாற்ற இயலாது.

வினையூக்கி இன்னொன்றையும் கற்பிக்கிறது. வினைபடு பொருள்களில் ஆற்றல் இல்லையேல், எவ்வினையூக்கியாலும் வினையை நிகழ்த்த முடியாது. இட ஒதுக்கீட்டையும் கல்வி உதவித் தொகையையும் சலுகை என்றும் தகுதிக் குறைவு என்றும் இகழ்வோர்க்கு இதுவே நம் விடை. நூற்றாண்டுகளாய் எழுப்பிய மேட்டை அவை சற்றே தாழ்த்தின. கடந்து வந்தது நம் பிள்ளைகளின் சொந்த ஆற்றலே. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய்ச் செய்ததும் அப்பணியே. கந்தகம் படிந்தால் வினையூக்கி நச்சேறிச் செயலிழக்கும். உட்பூசலும் தன்னலமும் சங்கத்திற்குக் கந்தகம் போன்றவை. அவை அணுகாது காத்தல் இளைஞர் பொறுப்பு.

எளிய குடியிற் பிறந்தவர் இத்துறையின் உச்சியை எட்டுவது கனவன்று. உலோகமும் கரிமச் சேர்மங்களும் பின்னிய நுண்துளைச் சட்டகங்களை உருவாக்கியமைக்காக 2025 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவர்க்கு வழங்கப்பட்டது. அப்பொருளின் சில கிராமில் ஒரு கால்பந்துத் திடலளவு உட்பரப்பு உண்டு. கரியமிலவாயுவை அதில் பற்றி, குறைந்த செலவில் விடுவிக்க ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. பரிசு பெற்றவருள் ஒருவரான ஓமர் யாகி, ஜோர்டானின் அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். மின்சாரமில்லாத சிற்றறையில், கால்நடைகளோடு இடத்தைப் பகிர்ந்து வளர்ந்தவர். பத்து வயதில் பள்ளி நூலகத்தில் கண்ட மூலக்கூறுப் படங்களே அவரை இத்துறைக்கு ஈர்த்தன. ஒரு நூலகம் ஒரு சிறுவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. நம் சங்க நூலகத்தின் அலமாரிகளை நிரப்ப இதனினும் நல்ல காரணமும் வேண்டா.

1942 ஆம் ஆண்டு அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் வைசிராயிடம் அளித்த விண்ணப்பத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர்க்குக் கலைப் படிப்பையும் சட்டப் படிப்பையும் விட அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்வியே பெரிதும் பயன்படும் என்று எடுத்துரைத்து, அதற்கு அரசு பொருளுதவி அளிக்க வேண்டினார். தாமே சட்ட வல்லுநராக இருந்தும் அவர் இவ்வாறு கூறியதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் வளரும் இடத்தில் அதிகாரமும் வளரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் கணிதத்திற்கு அஞ்சி அறிவியல் பிரிவைக் கைவிடாதவாறு ஒன்பதாம் வகுப்பிலேயே கவனியுங்கள். பெண்மக்களையும் அவ்வாறே படிக்க வையுங்கள். சங்கத்தின் மாலை வகுப்புகளில் வேதியியலுக்கும் கணிதத்திற்கும் முதலிடம் தருவோம். சென்னையில் 1944 ஆம் ஆண்டு தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வேதிப் பொறியியலைக் கற்பிக்கிறது. மின்சாரத்தால் நீரைப் பிரிப்பது போன்ற மின்வேதியியல் ஆய்வுக்கென்றே காரைக்குடியில் நடுவண் அரசின் ஆய்வகம் உள்ளது. இவற்றின் வாயில்களை நம்மவர் பார்வையாளராக மட்டும் கண்டு திரும்பலாகாது.

1984 ஆம் ஆண்டு டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, ஆலையை ஒட்டிய குடிசைகளில் உறங்கிய எளிய மக்களே முதலில் மாண்டனர். 1986 ஆம் ஆண்டில் காமரூன் நாட்டு நியோஸ் ஏரியிலிருந்து பொங்கிய கரியமிலவாயு, காற்றினும் கனமானதால் பள்ளத்தாக்கில் படிந்து ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது. நாளை நம் நாட்டிலும் வாயுக் குழாய்கள் நீளும். சேமிப்புக் கிடங்குகள் எழும். குழாய் எவ்வழிச் செல்லும், யார் சேரியின் ஓரத்தில் கிடங்கு அமையும், கசிவை அறிவிக்கும் மணி எவர் காதில் ஒலிக்கும் என்பவற்றை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் முடிவு செய்வர். அம்மேசையில் வரைபடத்தைப் படிக்கவும், கணக்கைச் சரிபார்க்கவும், தவறெனில் எழுந்து மறுக்கவும் வல்ல நம் பிள்ளை ஒருவர் இருத்தல் வேண்டும். பொன் விழாவிற்குள் அத்தகையோர் பலரை இச்சங்கம் உருவாக்கும் என்னும் உறுதியோடு எம் உரையை நிறைவு செய்கிறோம்.