ஓட்டல் மேஜையில் அஸ்தேயம்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"அன்றாட வாழ்க்கையில் தர்மம்" என்ற பொதுத் தலைப்பில் ஆளுக்கு 20 நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கீதையும் உபநிஷத்தும் சொல்லத் தகுதியுள்ளவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறார்கள். நான் பௌதிகம் படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனவன். ஆகவே எனக்கு எட்டிய அளவில் ஒரு சிறிய விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓட்டலில் சாப்பிடப் போகிற நம்மைப் போன்ற மத்தியதர வர்க்கத்தினர் செய்யும் சின்னச் சின்ன விதிமீறல்கள்தான் அது.

எவை என்று உங்களுக்கே தெரியும். அன்லிமிடெட் சாப்பாடு ஒன்று வாங்கி இரண்டு பேர் சாப்பிடுவது. பஃபேயில் 5 வயதுக்குக் கீழ் இலவசம் என்றால் 7 வயதுக் குழந்தையை 5க்குள் அடக்குவது. ஒரு பிளேட் இட்லிக்கு ஐந்து கிண்ணம் சாம்பார் வாங்கி, கடைசி இரண்டை டப்பாவில் ஊற்றிக்கொள்வது. பில்லில் விட்டுப்போன இரண்டு வடையைப் பார்த்தும் பாராதது போல் எழுந்து வருவது. சோம்பையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் கைப்பை நிறைய அள்ளுவது. "பில் வேண்டாம், ஜி.எஸ்.டி. போடாதீங்கோ" என்று கல்லாவில் கண்ணடிப்பது.

இவற்றைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. சாமர்த்தியம் என்கிறோம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சிரிப்பு நியாயமா என்பதுதான் என் கேள்வி.

முதலில், அளவில்லாச் சாப்பாடு என்ற ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மும்பைவாசிகளான நமக்கு இது சொந்த சரித்திரம். 1930களிலும் 40களிலும் குமாஸ்தா, டைப்பிஸ்ட் உத்தியோகத்துக்காகப் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மாதுங்காவுக்கு வந்து இறங்கிய பிரம்மச்சாரிகளின் வயிற்றை நிரப்பியவை போர்டிங்குகளும் லஞ்ச் ஹோம்களும்தான். 1942இல் ராம நாயக் மாதுங்கா ஸ்டேஷன் அருகே தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங் அவற்றில் பெயர்பெற்றது. அந்த மாதிரி இடங்களில் விலை ஒன்று, சாப்பிடுகிறவர்கள் பலவிதம். ஒருவர் மூன்று தரம் சாதம் போட்டுக்கொள்வார். இன்னொருவர் ரசத்தோடு எழுந்துவிடுவார். முதலாளி சராசரியை வைத்து விலை நிர்ணயிக்கிறார். அதிகம் சாப்பிடுகிறவரின் செலவைக் குறைவாகச் சாப்பிடுகிறவர் தெரியாமலே ஏற்றுக்கொள்கிறார். ஒருவிதத்தில் இது இன்ஷூரன்ஸ் மாதிரிதான். ஒரு இலைக்கு ஒரு வயிறு என்பதுதான் இதன் ஒரே நிபந்தனை.

அந்த நிபந்தனை மீறப்பட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சாப்பாட்டின் விலை 150 ரூபாய். அதில் மளிகை, காய்கறி, எரிவாயு 90. வாடகை, சம்பளம், மின்சாரம் 45. லாபம் 15. பத்து பேர் ஒழுங்காகச் சாப்பிட்டால் வரவு 1500, செலவு 1350, மிச்சம் 150. அந்தப் பத்து பேரில் இருவர் மட்டும் ஒரு சாப்பாட்டை வாங்கிப் பகிர்ந்து வயிறாரச் சாப்பிட்டால், செலவு அதே 1350. வரவும் 1350. ஆக, ஒரே ஒரு ஜோடியின் சாமர்த்தியம் பத்து பேரிடம் கிடைக்க வேண்டிய லாபம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டது.

"ஏதோ ஒன்றிரண்டு பேர் செய்வதுதானே, சரியாகிவிடும்" என்பீர்கள். இங்கேதான் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் கற்ற பாடம் உதவுகிறது. அளவெடுக்கும்போது பிழைகள் இருவகை. ஒருவகை, ஒருதரம் கூடுதலாகவும் ஒருதரம் குறைவாகவும் வருவது. நூறு தரம் அளந்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மற்றொரு வகை, தராசிலேயே கோளாறு. அது எப்போதும் ஒரே பக்கம் சாயும். எத்தனை தரம் அளந்தாலும் அந்தப் பிழை குறையாது. ஓட்டல் விதிமீறல்கள் இரண்டாவது ஜாதி. 5 வயதுக் குழந்தைக்கு மறதியாக 7 வயது என்று சொன்ன தகப்பனார் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? அரைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரண்டு சாப்பாட்டுக்குப் பணம் வைத்துவிட்டு வந்தவர் உண்டா? நம்முடைய மறதி எல்லாம் நமக்கு லாபமான பக்கத்திலேயே சாய்கிறது. அப்படிச் சாயும் மறதியை மறதி என்று சொல்ல முடியாது.

நல்லவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? இதற்கு ஓர் அமெரிக்க உதாரணம் உண்டு. 2005இல் வெளிவந்த ஃப்ரீக்கனாமிக்ஸ் என்ற புத்தகத்தில் பால் ஃபெல்ட்மன் என்பவரைப் பற்றிப் படித்தேன். அவர் 1984இல் உத்தியோகத்தை விட்டுவிட்டு, வாஷிங்டன் வட்டாரத்து அலுவலகங்களில் காலையில் பேகல் என்ற வளைய ரொட்டிகளை வைத்துவிட்டு வரும் வியாபாரம் தொடங்கினார். பக்கத்தில் ஒரு காசுப் பெட்டி. கேட்க ஆள் கிடையாது. எடுத்தவர்கள் தாங்களாகவே போட வேண்டியதுதான். பல வருஷக் கணக்கில், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான ரொட்டிக்குக் காசு வரவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஏறக்குறைய 7000 பெட்டிகள் வைத்ததில், திருடு போன காசுப் பெட்டி சராசரியாக ஒன்றுதான்!

இது சிந்திக்க வேண்டிய விஷயம். அதே அலுவலகம், அதே மனிதர்கள். காசைத் தொட அவர்களுக்குக் கை வரவில்லை. ரொட்டியை எடுக்கக் கை கூசவில்லை. நாமும் அப்படித்தான். கல்லாவில் 20 ரூபாய் நோட்டு கிடந்தால் நம்மில் யாரும் எடுக்க மாட்டோம். அதே 20 ரூபாய் சாம்பாராக இருந்தால் கிண்ணத்தில் வாங்கி டப்பாவில் ஊற்றிக்கொள்கிறோம். பண்டம் பணமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது, நஷ்டம் யாருக்கு? "முதலாளி பணக்காரர், தாங்குவார்" என்று நினைக்கிறோம். விட்டுப்போன வடையின் காசு சில இடங்களில் சர்வரின் சம்பளத்தில்தான் பிடிக்கப்படுகிறது. தாம் கணக்குச் சொல்ல வேண்டிய பணத்தைக் கவனக்குறைவால் ஓர் ஊழியர் இழந்தால், அவருடைய சமாதானத்தைக் கேட்டபின் சம்பளத்தில் பிடிக்க 1936ஆம் வருஷத்து ஊதியப் பட்டுவாடாச் சட்டமே இடம் கொடுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த இடம் இருக்கிறது. சமாதானம் கேட்கும் நடைமுறையை எத்தனை சின்ன ஓட்டல்கள் பின்பற்றும் என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன். நாம் மிச்சம் பிடித்த 40 ரூபாய், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து, ஓட்டல் மாடியிலேயே படுத்துறங்கும் ஒரு பையனுடையதாக இருக்கலாம்.

இன்னொருவர் நஷ்டத்தையும் சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் ஓட்டலில் எனக்கு எதிர் மேஜையில் ஒரு மாமாவும் மாமியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் 80ஐ ஒட்டிய வயது. "எங்களுக்கு ஆளுக்கு அரைச் சாப்பாடுதான்ப்பா செல்லும். ஒண்ணே ஒண்ணு கொண்டுவா, மறுசாதம் கேக்க மாட்டோம்" என்றார் மாமா. சர்வர் தயங்கிச் சுவரைக் காட்டினான். "ஒரு சாப்பாட்டை இருவர் பகிரக் கூடாது" என்று பெரிதாக எழுதியிருந்தது. "எனக்குத் தெரியறது மாமா, முதலாளி திட்டுவார்" என்றான். அவர்கள் இரண்டு காபி மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தப் பலகையை எழுத வைத்தது யார்? அந்தத் தம்பதி அல்ல. இரண்டு பேராக வந்து ஒரு இலையில் நான்கு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்ட வாலிபர்களாக இருக்க வேண்டும். ஓட்டல் சுவரில் தொங்கும் ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் முன்பு வந்துபோன ஒரு சாமர்த்தியசாலி இருக்கிறார். நமது ஊர் இரானி ஓட்டல்களின் பலகைகள் பிரசித்தமானவை. அவற்றை வைத்துக் கவிஞர் நிஸிம் எசக்கியேல் ஒரு ஆங்கிலக் கவிதையே எழுதினார். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் விதி என்று வந்துவிட்டால் அது யோக்கியனையும் அயோக்கியனையும் பிரித்துப் பார்க்காது. ஏமாற்றியவர் அடுத்த ஓட்டலுக்குப் போய்விடுவார். பலகையின் கீழ் உட்காருவது நாம்தான், அதுவும் குறிப்பாக நம் வயதுக்காரர்கள். எத்தனையோ இடங்களில் அன்லிமிடெட் போய் அளவுச் சாப்பாடு வந்ததற்கு விலைவாசி ஒரு காரணம் என்றால், இதுவும் ஒரு காரணம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

"ஓட்டல்காரர்கள் மட்டும் யோக்கியமா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. உதாரணமாக, சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம் தானாகவே பில்லில் சேர்க்கும் வழக்கம். இது கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஓட்டல்காரர்களின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அந்தத் தொகையை நீக்கச் சொல்வது விதிமீறல் அல்ல, நம் உரிமை. அதைச் சத்தமாகவே கேட்கலாம். ஆனால் 2017 நவம்பர் முதல் சாதாரண ஓட்டல்களுக்கு உள்ள 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு விஷயம். அது சர்க்காருக்குச் சேர வேண்டிய பணம். அதைத் தவிர்க்க பில்லே வேண்டாம் என்று பேரம் பேசினால், ஓட்டல்காரரும் நாமும் சேர்ந்து மூன்றாவது ஆளின் பையில் கை விடுகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் என்னை 10 ரூபாய் ஏமாற்றினார் என்றால் அவரிடம் வாதாடலாம், அந்த ஓட்டலுக்குப் போகாமலும் இருக்கலாம். பதிலுக்கு நான் 10 ரூபாய்க்குச் சோம்பு அள்ளினால், கணக்கு நேராவதில்லை, இரண்டு தப்பாகிறது.

அப்படியானால் எது சரி, எது தப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சுலபமான பரீட்சை உண்டு. செய்யப்போகும் காரியத்தை முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்க முடியுமா? "இரண்டு பேரும் வயசானவா, ஒரு சாப்பாடு போதும், கூட 30 ரூபாய் வாங்கிக்கோங்கோ" என்று கேட்கலாம். பலர் சரி என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய மசால் தோசையில் பாதி மீந்தால் பார்சல் கட்டித் தரச் சொல்லலாம். அது வீணாக்காமல் இருப்பது. அன்லிமிடெட் சாப்பாட்டில் அது பொருந்தாது. ஏனென்றால் அந்த விலை அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு மட்டும்தான். கூட்டமில்லாத மத்தியானத்தில் ஒரு காபியோடு ஒரு மணி நேரம் பேசலாமா என்று கேட்கலாம். பந்திக்கு ஆள் நிற்கும்போது கேட்க நமக்கே வாய் வராது. "என் பேரனுக்கு 7 வயசு, 5 என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாராவது கேட்பார்களா? கேட்க நாக்குக் கூசுகிற இடத்தில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. கேட்டு வாங்கினால் சலுகை. கேட்காமல் எடுத்தால் அதற்கு நம் சாஸ்திரத்தில் வேறு பெயர்.

அந்தப் பெயருக்கு வருகிறேன். பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில் அஹிம்சை, சத்தியத்துக்கு அடுத்தது அஸ்தேயம், அதாவது பிறர் பொருளை எடுக்காமை. வள்ளுவரும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நாம் ஓட்டலுக்குப் போனால் வெங்காயம் உண்டா, பூண்டு உண்டா, பாத்திரம் தனியா என்று இத்தனை விசாரிக்கிறோம். வேண்டியதுதான். கூடவே, இந்த அன்னத்துக்கு உரிய காசைக் கொடுத்தேனா என்பதையும் விசாரித்துக்கொண்டால் அந்த ஆசாரம் பூர்த்தியாகும். காசு கொடுக்காத சாம்பாரில் பூண்டு இல்லாவிட்டாலும் அது சுத்தமான சாம்பார் ஆகாது.

பஃபே வாசலில் பொய் வயது சொல்லப்படும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் போன மாதம்தான் அதன் ஏழாவது பிறந்த நாளுக்கு ஆயுஷ்ய ஹோமம் செய்து, பாயசம் வைத்திருப்போம். "நான் பெரியவனாயிட்டேன்" என்ற சந்தோஷத்தில் இருக்கும் குழந்தையிடம், 300 ரூபாய்க்காக, "கேட்டா அஞ்சுன்னு சொல்லு" என்கிறோம். பிற்காலத்தில் அதனிடம் எத்தனை கதை சொன்னாலும், ஹரிச்சந்திரன் கதையே சொன்னாலும், அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் அழியாது. அந்த 300 ரூபாய் நமக்கு மிச்சம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் வட்டார ஓட்டல்காரர்களுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் எழுதலாம். முதியவர்களுக்கென்று ஒரு கப் சாதம், ரசம், ஒரு கறி, மோர் என்று சிறிய சாப்பாடு ஒன்றை, நியாயமான விலையில், மறுசாதம் இல்லாமல் போட முடியுமா என்று கேட்போம். அவர்களுக்கும் நஷ்டமில்லை, நமக்கும் வீணில்லை. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. செயலாளர் சம்மதித்தால் கடிதத்தின் நகலை நானே எழுதித் தருகிறேன்.