என் பழைய தோழன் மாரியோ

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்கள் கூடி இளமை நினைவுகளைப் பேசத் தொடங்கினால், ஆற்றுப் படித்துறையும் தேரோட்டமும் கோடை விடுமுறையில் தின்ற மாம்பழமும் முதலில் வந்து நிற்பது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றில் ஒன்று அன்று. அது ஒரு வீடியோ விளையாட்டு. அதன் நாயகன் குள்ளமானவன். தலையில் சிவப்புத் தொப்பி, பெரிய மூக்கு, அதன் கீழ் அடர்ந்த மீசை. குழாய் பழுதுபார்ப்பது அவன் தொழில். மாரியோ என்பது பெயர்.

நாற்பதைக் கடந்த ஓர் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் பேசத் தக்க விஷயமா இது என்று சிலர் புன்னகை செய்யலாம். இதே கேள்வியை என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். "இதனால் என்ன பயன்?" என்றார். அப்போது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முயல்கிறேன்.

1992-ஆம் ஆண்டில் என் தந்தையாருக்குத் திருச்சியிலிருந்து தில்லிக்கு மாற்றல் ஆயிற்று. ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்று கிடைத்தது. அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. இருவருக்கும் ஹிந்தியில் எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. மாலை வேளைகளில் மற்றக் குழந்தைகள் கீழே கூச்சலிட்டு விளையாடுவதை மாடி முகப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். இறங்கிப் போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள். பதில் சொல்ல வராது. அந்த அச்சம் எங்களை வீட்டிலேயே கட்டிப் போட்டது.

மே மாதத்து அனல்காற்றுக்குப் பயந்து குழந்தைகளெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு நாள், மேல்மாடியில் இருந்த அம்மையார் எங்களைக் கைகாட்டி அழைத்தார். அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் ஒன்றும் பேசாமல் ஜாய்ஸ்டிக்கை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தான். திரையில் மாரியோ நின்றான். எதிரே ஒரு பழுப்புநிறப் பிராணி நகர்ந்து வந்தது. அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அது மோதி மாரியோ மாண்டான். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். அரை மணி நேரத்துக்குள் அவர் நாலைந்து குழிகளைத் தாண்டியிருந்தார். அந்தப் பையன் அவர் தோளில் கை போட்டிருந்தான். இத்தனைக்கும் யாரும் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பது எனக்கு வெகுகாலம் புதிராகவே இருந்தது. பின்னாளில்தான் அதன் சூட்சுமம் விளங்கிற்று. "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" என்னும் அந்த ஆட்டம் ஜப்பானில் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி வெளிவந்தது. ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெஸூக்கா என்னும் இருவர் அதை அமைத்தவர்களில் முதன்மையானவர்கள். எப்படி ஆடுவது என்பதை எழுத்தால் விளக்காமல், முதற்கட்டத்தையே ஆசிரியராக ஆக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

அந்த முதற்கட்டத்தைச் சற்றே கவனியுங்கள். மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறான், வலப்புறம் வெட்டவெளி. எனவே வலப்புறம் போக வேண்டும் என்று கை தானே அறிந்துகொள்கிறது. முதல் பகை மெதுவாக வருகிறது. மோதி மாண்டாலும் நஷ்டம் சில விநாடிகளே. ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்து மறுபடி நடக்கலாம். குதித்தால் தப்பலாம், தலைமேல் விழுந்தால் அதை நசுக்கலாம் என்பது இரண்டாம் முறையில் புரிந்துவிடுகிறது. மேலே கேள்விக்குறி இட்ட பெட்டிகள் தொங்குகின்றன. ஒன்றை முட்டினால் ஒரு நாணயம் ஒலியுடன் எழும்புகிறது. இன்னொன்றை முட்டினால் ஒரு காளான் வெளிப்பட்டு வலப்புறம் ஓடுகிறது. அங்கே நிற்கும் குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. அது பகையோ என்று பயந்து தப்ப நினைத்தாலும், தலைக்குமேல் கற்கள் வரிசையாக இருப்பதால் தப்புவது எளிதன்று. காளான் தொட்டதும் மாரியோ பெரியவனாக வளர்கிறான்! ஆகவே அது நன்மை என்று கற்றாயிற்று. அப்பால் இரண்டு படிக்கட்டுகளுக்கு இடையே தாண்டிப் பழக ஓர் இடம் வருகிறது. அங்கே கீழே தரை உண்டு, விழுந்தாலும் கேடில்லை. அதை அடுத்து அதே போன்ற இன்னோர் இடம். அங்கே தரை இல்லை, படுகுழி. முதலில் ஆபத்தில்லாமல் பழக்கி, பிறகு சோதிக்கிறார்கள். நல்ல ஆசிரியர் வேறென்ன செய்வார்?

பாஷை தெரியாத பிள்ளைக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்த காரணம் இதுதான். தப்பு செய்தவனை அந்த ஆட்டம் ஏசவில்லை. அடுத்த முறை கொடுத்தது.

இதைச் செய்தவர்களுக்கு இருந்த வசதி எவ்வளவு என்று கேட்டால் வியப்பாக இருக்கும். கேஸட் என்று நாம் அழைத்த அந்தப் பெட்டிக்குள் முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே நிழற்படம் அதைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்தச் சிறிய இடத்தில் எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்காக முப்பத்திரண்டு கட்டங்கள்! சிக்கனத்துக்காக வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே உருவத்தைப் பயன்படுத்தி, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். மாரியோவின் மீசைகூட இத்தகைய சிக்கனத்தின் விளைவே. 1981-இல் "டாங்கி காங்" என்னும் ஆட்டத்தில் அவன் முதன்முதல் தோன்றியபோது, வாய் வரைய இடமில்லாததால் மீசை வைத்தார்கள். முடி வரைவது கடினமாக இருந்ததால் தொப்பி மாட்டினார்கள். கைவீச்சு தெரிவதற்காக உடையின் நிறத்தைப் பிரித்தார்கள். அப்போது அவன் தச்சன். 1983-இல் வந்த ஆட்டத்தில்தான் குழாய்க்காரன் ஆனான். மாரியோ என்ற பெயரும் அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குக் கிடங்கு வாடகைக்கு விட்டிருந்த மாரியோ செகாலி என்பவரிடமிருந்து வந்தது. நிண்டெண்டோ என்ற அந்த நிறுவனமோ 1889-இல் கியோட்டோ நகரில் பூப்படச் சீட்டுகள் செய்வதற்காகத் தோன்றியது.

வானொலியில் பேசும்போது இசையைச் சொல்லாமல் விடலாகாது. கோஜி கோண்டோ என்பவர் அமைத்த அந்த மெட்டு, ஒரு சிறு பொறியின் மூன்று சுரக் குரல்களையும் ஓர் இரைச்சல் ஒலியையும் கொண்டே ஆனது. நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் அதே மெட்டு வேகமெடுக்கும். ஆடுகிறவர் நெஞ்சும் உடன் வேகமெடுக்கும். 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காத்து வைக்கத் தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. வீடியோ விளையாட்டு ஒன்றின் இசை அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

சில மாதங்களில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பொறி வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அக்காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் மலிந்திருந்தவை ஜப்பானியப் பொறியின் போலிகள். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உண்டென்று கேஸட்டின்மேல் எழுதியிருக்கும். ஆடிப் பார்த்தால் சிலவே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். உரியவர்களுக்கு ஒரு காசும் சேராத அந்தப் போலியின் வழியாகத்தான் எங்கள் அன்பு தொடங்கிற்று. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அசல் ஆட்டங்களை விலை கொடுத்து வாங்கியபோது, பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதாகவே எண்ணிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தை இருவர் ஆடலாம். ஆனால் முறை மாற்றித்தான். முதல்வர் மாரியோ, அவர் ஒரு தடவை மாண்ட பிறகே இரண்டாமவரான தம்பி லூயிஜிக்கு முறை வரும். நான் என்றும் லூயிஜி. அண்ணன் நன்றாக ஆடத் தேற, என் காத்திருப்பும் நீண்டது. காத்திருந்த நேரத்தில் நான் பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிராணிகளின் உண்மைப் பெயர்கள் எங்களுக்குத் தெரியா. மேல்மாடிப் பிள்ளைகள் ஆமையைக் "கச்சுவா" என்றார்கள். நான் ஆமை என்றேன். குழாயிலிருந்து எழும்பிக் கடிப்பது "கடிப்பூ" ஆயிற்று. மேகத்தின்மேல் உட்கார்ந்து முள்ளுருண்டை வீசுபவன் "மேகக்காரன்" ஆனான். அவர்கள் சொல்லை நானும் என் சொல்லை அவர்களும் எடுத்துக்கொண்டோம். நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அதுவே. ஹிந்தியை நான் அச்சமின்றிப் பேசத் தொடங்கியதும் அந்த அறையில்தான்.

அண்ணன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஆண்டில், தந்தையார் அந்தப் பொறியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டது அன்றுதான். அடுத்த மாற்றலின்போது அது யாருக்கோ கொடுக்கப்பட்டது. நாங்கள் வாய் திறக்கவில்லை. ஆனால் எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் நெடுநாள் இருந்தது.

மாரியோ என்னவோ என்னை விட்டுப் போகவில்லை. 1996-இல் அவன் முப்பரிமாண உலகில் நடந்தான். 2007-இல் விண்வெளிக் கோளங்களைச் சுற்றி ஓடினான். 2017-இல் வந்த ஆட்டத்தில் தொப்பியை வீசிப் பிறர் உருவில் புகுந்தான். 2009-இல் வந்த ஒன்றில் நால்வர் ஒரே சமயத்தில் ஆடலாம். லூயிஜி காத்திருக்க வேண்டியதில்லை. அதைக் கேள்விப்பட்டதும் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், சிரித்தார். ஒரு குறையும் உண்டு. எத்தனை ஆட்டங்களிலோ இளவரசியைக் கவர்ந்து செல்வதும் மாரியோ மீட்பதுமே கதை. அவளே தலைவியாக ஆடும் ஆட்டங்கள் 2005-லும் 2024-லும் வந்தன என்றாலும், அவை விதிவிலக்குகளே. பிரியம் இருப்பதால் குறையைக் காணாமல் இருக்க வேண்டியதில்லை.

தாயார் காலமான பிறகு தந்தையார் என்னுடன் வந்து தங்கினார். என் மகன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வான். இருவருக்கும் பேச்சு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நீளாது. அது எனக்குப் பெரிய வருத்தம். பழைய ஆட்டத்தை ஸ்விட்ச் என்னும் புதிய பொறியிலும் ஆட முடியும். ஒருநாள் மகன் அதன் முதற்கட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். தந்தையார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். மாரியோ நான்காவது குழாயின்மேல் ஏறியதும் தாள் தாழ்ந்தது.

"தம்பி, அந்தக் குழாய்க்குள் இறங்கு. உள்ளே காசு இருக்கிறது" என்றார்.

நான் திகைத்துப் போனேன். அந்தக் குழாய்க்குள் இறங்கினால் பாதாள அறையில் நாணயங்கள் இருப்பது ஆடியவர்களுக்கே தெரியும். அல்லது பல நாள் உடனிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பூட்டி வைத்த அவரே, அதற்கு முன் எத்தனையோ மாலைகளில் இதே போலத் தாளுக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகன் இறங்கினான், காசுகள் ஒலித்தன. அவன் திரும்பி, "தாத்தா, அடுத்தது எங்கே?" என்று தமிழில் கேட்டான்.

அதன் பிறகு ஓராண்டு காலம், தந்தையார் மறையும் வரையில், மாலைதோறும் அவர்கள் இருவரும் அந்தத் திரையின் முன் அமர்ந்தார்கள். காளான், ஆமை, கடிப்பூ என்று நான் பத்து வயதில் வைத்த சொற்களை என் மகன் அவரிடமிருந்து கற்றுக்கொண்டான். அவற்றைத் தொட்டுக்கொண்டு வேறு சொற்களும் வந்தன. திருச்சி வந்தது, காவிரி வந்தது, பாட்டியின் கதைகள் வந்தன.

நேயர்களே, "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விக்கு என் விடை இவ்வளவுதான். சொல் வேண்டாத ஒரு விளையாட்டு எங்களை ஒரு புதிய ஊரில் உட்கார வைத்தது; பல ஆண்டுகளுக்குப் பின் அதுவே என் மகனையும் அவன் தாத்தாவையும் தமிழ் பேச வைத்தது. உங்கள் வீட்டுக் குழந்தைகள் ஏதோ ஒரு திரையின் முன் உட்கார்ந்திருந்தால், விலக்கும் முன் சிறிது நேரம் உடன் உட்கார்ந்து பாருங்கள். அங்கே காண்பவற்றுக்கெல்லாம் நம் மொழியில் ஒரு பெயர் சொல்லிக் கொடுங்கள். எந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது இறங்கிப் பார்த்தால்தானே தெரியும்?