பிடியரிசிப் பானையும் நூற்றாண்டு நிதியும்

(நூற்றாண்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் சமூக சேவைப் பிரிவுச் செயற்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சேவைப் பிரிவு அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்யப் போகிறது என்று சொல்லும்படி எம்மைக் கேட்டிருக்கிறீர்கள். காசுக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

இவ்வாண்டு எமக்குக் கிடைத்த பணத்தில் பெரும்பங்கு லண்டன், ரொறன்ரோ, சிட்னி, கொழும்புக் கிளைகளிலிருந்து வந்தது. இராப்போசன விருந்து வைத்தும், நடைபவனி சென்றும், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றும் சேர்த்த பணம் அது. குளிருக்குள் நின்று ரோல்ஸ் விற்ற அக்காமார் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் நூற்றாண்டு விழா ஒரு தடவைதான் வரும். அடுத்த வருடம் கேட்டால் இதில் பாதிகூட வராது. அங்கே உழைக்கிறவர்களுக்கும் வயது போகிறது. அவர்களின் பிள்ளைகள் இப்பாடசாலையைப் படத்தில் மட்டும் கண்டவர்கள். அவர்களிடம் தொடர்ந்து கேட்பது நியாயமும் இல்லை.

வந்த பணத்தை நிலையான வைப்பில் போட்டு, வட்டியில் சேவை செய்யலாம் என்று பலர் சொல்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2022 வேறு பாடம் படிப்பித்தது. அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வங்கிப் புத்தகத்தில் எமது தொகை ஒரு சதமும் குறையவில்லை. கொப்பி வாங்கக் கடைக்குப் போன பொருளாளர்தான் பாதிக் கட்டுடன் திரும்பி வந்தார். பிறகு வைப்பு வட்டி 20 வீதத்துக்கு மேல் ஏறியது. சந்தோஷப்பட்டு முடிவதற்குள் மீண்டும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. இப்படி ஏறி இறங்கும் ஒன்றை நம்பி, ஒரு பிள்ளையிடம் "உயர்தரம் முடியும்வரை உனக்கு உதவுவோம்" என்று வாக்குக் கொடுக்க முடியாது.

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். நூற்றாண்டு நிதியில் பாதி அவசர நிதியாக வைப்பில் இருக்கட்டும். பொதுக்கூட்டத்தின் அனுமதியின்றி அதைத் தொடக்கூடாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாக்குறுதிகள் மாதச் சந்தாவிலிருந்தே நிறைவேற வேண்டும். மாதம் 500 ரூபா. நூறு பேர் தந்தால் மாதம் 50,000, வருடத்துக்கு 6 இலட்சம். விருந்து, பட்டாசு, பொன்னாடை எதுவும் இல்லாமல் வரும் 6 இலட்சம்.

இது புதிய யோசனை அல்ல. எமது அம்மம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போடுவார்கள். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பிடியரிசி போயிற்று. அரிசி இல்லாத நாளில் அரைப் பிடி போட்டவர்களும் உண்டு. அதனால்தான் 500 ரூபா முடியாதவர் 100 ரூபா தரலாம் என்று படிவத்தில் எழுதியிருக்கிறோம். யார் எவ்வளவு தந்தார் என்ற பட்டியல் எந்த மலரிலும் வராது.

இனி உறுப்பினர் விடயம். எமது பழைய உறுப்பினர் ஏடு 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போனது. அதன்பின் எழுதிய ஏட்டில் யார் இருக்கிறார்கள் என்று சென்ற வருடம் உட்கார்ந்து பார்த்தோம். ஆசிரியைகள், வைத்தியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்து, இடம்பெயர்ந்த வருடத்தில் தரம் 10 உடன் நின்றுபோனவர்கள் எங்கே? சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு தோழியிடம் படிவம் கொடுத்தோம். அடுத்த நாள் வெறுமையாகத் திருப்பித் தந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பட்டம், பதவி என்று ரெண்டு கட்டம் இருக்கு. நான் அதிலை என்னத்தை எழுத?" என்றார். அந்தக் கட்டங்களை அச்சடித்தது நாம்தான். இத்தனை வருடமும் எவருக்கும் அது உறுத்தவில்லை. புதிய படிவத்தில் பெயர், படித்த ஆண்டுகள், தொலைபேசி இலக்கம் மட்டுமே கேட்கிறோம். அந்தத் தோழி இன்னும் சேரவில்லை. மறுபடி போய்க் கேட்பதாக இருக்கிறோம்.

இளையவர்கள் வருவதில்லை என்று குறைசொல்கிறோம். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால், கைக்குழந்தையுடன் இருப்பவள் எப்படி வருவாள்? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் மாதக்கணக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை ஒருவரும் கூப்பிடுவதில்லை. 21 வயது வரை அவர்களுக்குச் சந்தா வேண்டாம். செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு 35 வயதுக்குக் குறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று யாப்புத் திருத்தம் கொண்டுவருகிறோம். எம்மில் சிலர் கதிரையை விட வேண்டிவரும். விடுகிறோம்.

செய்யப் போகும் வேலைகள் மூன்றுதான். முன்பு வருடத்துக்குப் பன்னிரண்டு செய்தோம், எதுவும் நிலைக்கவில்லை.

முதலாவது, தூரத்திலிருந்து வரும் மாணவியரின் பஸ் சீசன், தீவுப் பகுதிகளிலிருந்து வந்து தங்கிப் படிப்போரின் விடுதிக் கட்டணம். நெடுந்தீவுப் பிள்ளைக்குக் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ். தினமும் வந்துபோகிற பாதையல்ல அது. யாருக்கு உதவி என்பதை வகுப்பாசிரியையும் எம்மில் இருவரும் தீர்மானிப்பார்கள். மேடைக்கு அழைப்பதும் படம் எடுப்பதும் இல்லை.

இரண்டாவது, தண்ணீர். வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பி வாழ்கிறோம். சுண்ணாம்புக்கல்லுக்குள் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து இறங்கி, நிலத்தடி நீரில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. நாமும் ஒரு சிறு பாடசாலைக்கு நீர் சுத்திகரிப்புக் கருவி கொடுத்து, நாடா வெட்டி, கைதட்டிவிட்டு வந்தோம். வடிகட்டியை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் அதற்குக் காசு ஒதுக்கவில்லை. இரண்டாம் வருடம் போய்ப் பார்த்தபோது, கருவியின் மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். இனிப் புதிய கருவி கொடுப்பதில்லை. கொடுத்தவற்றைத் திருத்தி, மாற்று வடிகட்டிகளுக்கு வருடாவருடம் பணம் ஒதுக்குவோம்.

மூன்றாவதற்குக் காசு அதிகம் வேண்டாம், ஆட்கள்தான் வேண்டும். எமக்குப் படிப்பித்த ரீச்சர்மார் பலர் பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கிறார்கள். போதனா வைத்தியசாலைக் கிளினிக் நாளில் விடிய எழும்பி, கொப்பியும் கையுமாக ஓட்டோ தேடி, வரிசையில் இருந்து, மருந்தும் எடுத்துக்கொண்டு திரும்ப மத்தியானமாகும். கூடப் போக ஒருவர் இருந்தால் போதும். உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் இதை இப்போதே தொடங்கிவிட்டார்கள், நாம் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி சொன்னாள், "ரீச்சர் வரிசையிலை வைச்சு எனக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறா" என்று.

கடைசியாக, வாசலில் அலங்கார வளைவு கட்டும் யோசனை. அதை ஆசையோடு கேட்கிறவர்கள் எமது சிநேகிதிகள். வளைவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குத் தனியாகப் பணம் சேருங்கள், எம்மாலானதை நாமும் தருவோம். சேவைப் பிரிவின் கணக்கிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம். இன்று வாக்கெடுப்புக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக் கையுயர்த்துங்கள்.

படிவங்கள் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பேனா கொண்டுவராதவர்களுக்குப் பேனாவும் வைத்திருக்கிறோம். போகும்போது திருப்பித் தந்துவிடுங்கள்.