படகில் இருந்தோரும் கரையில் நடந்தோரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நிறைவு விழாவில் பேச வருகின்றவர் வாழ்த்திப் பேசுவதே மரபு. அம்மரபை நான் மீற விரும்பவில்லை. கோவளம் போன்றதொரு கடற்கரை ஊரில், மழையென்றும் புயலென்றும் பாராமல் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, நிறை குறை பேசிக் கலைந்து, மீண்டும் கூடுவதென்பது எளிய செயலன்று. வாழ்த்துகிறேன். ஆனால் குடும்பத்தில் ஒருத்தி என்ற உரிமையினால், வாழ்த்தோடு ஒரு குறையையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அக்குறையில் முதற்பங்கு என்னுடையது என்பதையும் முன்னதாகவே ஒப்புக்கொள்கிறேன்.

இவ்விழாவுக்கு முன்னோட்டமாகச் சென்ற மாதம் நாம் முட்டுக்காட்டிற்குப் படகுலா சென்றுவந்தோம். மூன்று துடுப்புப் படகுகளில் ஏறி உப்பங்கழியைச் சுற்றினோம். அன்று எழுதப்பெற்ற பதினான்கு கவிதைகளையும் என்னிடம் கொடுத்து, அவற்றையொட்டித் துறைமுகக் கரையில் படகுலா என்னும் பொருளில் பேசவேண்டும் எனச் செயலாளர் பணித்தார். கவிதைகளை மும்முறை படித்தேன். அவற்றுக்கு வருமுன், நாம் எந்த நீரில் படகு செலுத்தினோம் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

படகுலா என்பது உலகின் பழைய துறைமுக நகரங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்ட ஒன்று. கொச்சியில் படகேறினால் சீன வலைகளையும் மட்டாஞ்சேரியையும் கோட்டைக் கொச்சியின் பழைய கட்டடங்களையும் நீரிலிருந்தே கண்டு வரலாம். அங்கே வரலாறு கரையிலேயே நிற்கிறது. படகோட்டி கைநீட்டிக் காட்டினால் போதும். முட்டுக்காட்டின் நிலை வேறு. 1984ஆம் ஆண்டு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இங்கே தொடங்கப்பெற்றது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டதும் அதே 1984இல்தான். இரண்டுக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரைமணி நேரப் பயணம். ஆயினும் முட்டுக்காட்டுப் படகு மல்லையை நோக்கிச் செல்வதில்லை. கழிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய துறைக்கே நம்மைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. கண்ணுக்குத் தெரிவது நீரும் பறவையும் பாலமும். வரலாற்றை நாமேதான் உடன்கொண்டு செல்லவேண்டும்.

அவ்வரலாறு சிறியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறையைக் காட்டுகிறார். அது மல்லைக் கடற்கரையே என்று கருதும் அறிஞர் உளர். மேற்கிலிருந்து குதிரைகளும் வடக்கிலிருந்து பல வளங்களும் கலங்களில் வந்திறங்கிய துறை அது. இரவில் கலங்களுக்கு வழிகாட்ட வானளாவிய மாடத்தில் விளக்கெரிந்தது. அம்மாடத்தின் உயரத்தைச் சொல்ல வந்த புலவர், அதில் சாத்தப்பட்டிருந்த ஏணியையும் மறவாமல் சொல்கிறார். இந்த ஏணியை நீங்கள் நினைவில் கொள்ளவேண்டும் என்று வேண்டுகிறேன். ஏணி இருந்தால் அதில் ஏறிய ஒருவன் இருந்திருப்பான். விளக்கு தானாக எரியவில்லை.

பின்னர்த் திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடியபோது, பொன்னும் களிறும் மணிகளும் சுமந்து, பாரத்தால் தாழ்ந்து நின்ற கலங்களைக் கண்டார். ஐரோப்பியர் வந்த பிறகு, தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டினர். நம் கோவளமும் தப்பவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கம்பெனியார் இங்கே வாணிகம் செய்தனர். நவாபின் கோட்டை எழுந்தது. பிரெஞ்சுக்காரர் கைக்கு அது போயிற்று. 1752இல் கிளைவ் அதைக் கைப்பற்றியபின் தகர்க்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கூட ஒரு வரலாற்றைத் திறந்துவிட்டுச் சென்றது. சாளுவன்குப்பத்தில் அலை அரித்த இடத்தில் கல்வெட்டு வெளிப்பட, 2005இல் அங்கே அகழ்ந்தபோது மணலுக்கடியில் செங்கல்லாலான பழைய முருகன் கோயில் கண்டெடுக்கப்பட்டது.

இவையெல்லாம் கடல்வழி. நாம் படகு செலுத்திய கழிக்கு இன்னொரு வழியும் உண்டு. அதுவே பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய்ப் பணி, வடக்கும் தெற்குமாக நீண்டு, தெற்கே மரக்காணம் வரை வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் மண் சுமந்து தோண்டிய கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அக்கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் தோணிகளில் சென்றன. சாலை வசதி பெருகுமுன், சென்னையிலிருந்து மாமல்லபுரம் காணப் புறப்பட்டவர்களும் இவ்வழியேதான் வந்தனர். மாலையில் தோணி ஏறி, உறங்கி விழித்தால் மறுநாள் மல்லை. இன்றைய நம் படகுலாவுக்கு உண்மையான மூதாதை அந்தத் தோணிப் பயணமே.

அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் பாவேந்தர் பாரதிதாசன். 1938இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் மாவலிபுரச் செலவு என்னும் பாடல் உள்ளது. நண்பர்களோடு உல்லாசமாகப் புறப்பட்ட பயணம் அது. கரையின் பசுமையும் நீரின் அழகும் பாடலில் நிறைந்திருக்கின்றன. அழகைப் பாடிக்கொண்டே வரும் கவிஞரின் கண் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. தோணியின் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தவாறு ஒருவன் கரையில் நடக்கிறான். பின்புறத்தில் இன்னொருவன் கோலூன்றி முதுகு வளையத் தள்ளுகிறான். அதைக் கண்டபின் கவிஞரால் வெறும் பயணியாக இருக்க இயலவில்லை. பிறர் தோள்வலியால்தான் நாம் இன்பம் துய்க்கிறோம் என்ற எண்ணம் பாடலுக்குள் நுழைந்துவிடுகிறது. சிற்பங்களைக் காணப் போன பாட்டு, போகும் வழியிலேயே தன் பொருளைக் கண்டுகொண்டது. கடியலூரார் கண்ட ஏணியும் பாவேந்தர் கண்ட கயிறும் ஒரே மரபைச் சேர்ந்தவை என்பது என் துணிபு.

இனி நம் பதினான்கு கவிதைகளுக்கு வருகிறேன். அவற்றில் நிலவு உண்டு, நாரை உண்டு, பல்லவன் உண்டு, கடலைக் காதலனாகவும் காதலியாகவும் கண்ட உவமைகள் உண்டு. சொல்லாட்சியில் பழுதில்லை. ஆனால் பதினான்கிலும் படகு தானாகவே செல்கிறது. மிதக்கிறது, நகர்கிறது, தவழ்கிறது. துடுப்பு வலித்தவர் ஒரு கவிதையிலும் இல்லை. என் கவிதையில் படகு அன்னம்போல் நீந்துகிறது. அதைவிடப் பழைய உவமை ஒன்று எனக்கு அன்று தோன்றவில்லை.

நான் ஏறிய படகில் நடந்ததைச் சொல்கிறேன். நடுக்கழிக்கு வந்ததும் நம்முள் ஒருவர், "ஐயா, கொஞ்சம் துடுப்பை நிறுத்துங்கள், அமைதியாக இருந்தால் எழுத வரும்" என்றார். ஐம்பதைக் கடந்திருந்த அந்தப் படகோட்டி சிரித்துக்கொண்டே, "நிறுத்துனா காத்து கரைக்குத் தள்ளிடுங்க. சத்தம் வராம போடுறேன், நீங்க எழுதுங்க" என்றார். சொன்னபடியே துடுப்பை நீரைவிட்டு எடுக்காமல், ஓசையெழாமல், படகை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தார். கால்மணி நேரம் அவருடைய தோள் ஓயவில்லை. நம் கவிதைகளில் நான்கு, அந்த அமைதியைப் பற்றியவை. அவ்வமைதி இயற்கை தந்தது என்று எழுதியிருக்கிறோம். அது அவர் செய்து தந்தது.

இதைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாதீர்கள். என் கதையைக் கேட்டால், குற்றம் எங்கே வேர்கொண்டது என்பது விளங்கும். நெய்தல் திணையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். நானூறு பக்க ஆய்வேட்டில் பரதவர் வாழ்வு என்றே ஓர் இயல் உண்டு. அதை எழுதிய ஆண்டுகளில் ஒரு குப்பத்திற்குள்ளும் நான் காலெடுத்து வைத்ததில்லை. நூலகத்திலேயே கடல் முழுவதும் இருப்பதாக எண்ணினேன். நெறியாளரும் தேர்வாளரும் அதில் குறை காணவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நாற்றிசைக் காற்றுகளின் பெயர்களை விளக்கிக்கொண்டிருந்தேன். வாடை, தென்றல், கோடை, கொண்டல். கொண்டல் என்பது கீழ்க்காற்று. இன்று வழக்கிழந்த சொல் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். ஓராண்டாக வகுப்பில் வாய் திறவாதவன். "இல்லைம்மா, எங்க குப்பத்துல இன்னிக்கும் கொண்டல்தான். காலையில எங்கப்பா கொண்டல்னு சொல்லிட்டுத்தான் கடலுக்குப் போனாரு" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எழுதியதை அழித்தேன்.

அவனிடம் மேலும் கேட்டேன். கடலின் நீரோட்டம் வடக்கிலிருந்து வந்தால் வன்னி, தெற்கிலிருந்து வந்தால் தெண்டி என்றான். என் ஆய்வேட்டில் அவ்விரு சொற்களும் இல்லை. நாம் பொருளுரையில் தேடும் சொல், நம் வீட்டுக்கு அரை மைல் தொலைவில், விடியலுக்கு முன் இருவர் வானம் பார்த்துப் பேசும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. அதை வழக்கிழந்தது என்று நாம் சொல்லும்போது, சொல்லை மட்டுமா இறந்ததாக அறிவிக்கிறோம்? அதைப் பேசுவோரையும் அல்லவா?

இவ்வட்டம் கூடும் மண்டபத்தில் நின்றால் அலையோசை கேட்கிறது. பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். கோவளத்துக் குப்பத்திலிருந்து ஒருவரேனும் வந்து கவிதை படித்ததுண்டா? வரவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, உண்மைதான். வாருங்கள் என்றும் சொல்லவில்லை. இதுவே நான் சொல்ல வந்த குறை.

இன்று இக்கரை விரைவாக மாறிவருகிறது. முட்டுக்காட்டிற்கு இரண்டடுக்கு மிதவை உணவகம் வந்துவிட்டது. 2021இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குப்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்பிக்கும் ஆசிரியர்களாகியிருக்கிறார்கள். இவற்றைக் குறைகூற நான் வரவில்லை; பிழைப்புக்கு வழி பிறந்தால் மகிழ்ச்சியே. ஆனால் விசைப்பொறி வந்த படகில், வலிப்பவரின் தோள் நம் கண்ணில் படாது. தோள் கண்ணில் பட்ட நாளிலேயே எழுதாத நாம், படாத நாளில் எழுதுவோமா என்பதே என் ஐயம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தைக் குப்பத்தில் நடத்துவோம். அன்று நாம் கவிதை படிக்க வேண்டா, கேட்டுவருவோம். இரண்டு: காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மரத்துக்கும் வலைக்கும் மீனுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை, சொன்னவர் பெயரோடு, ஒரு குறிப்பேட்டில் தொகுப்போம், அடுத்த மலரில் அது முதல் கட்டுரையாக அமையட்டும். மூன்று: அப்பதினான்கு கவிதைகளையும் ஒரு சொல்லும் திருத்தாமல் இம்மலரில் அப்படியே அச்சிடுவோம். என் அன்னமும் இருக்கட்டும். பத்தாண்டு முடிவில் நாம் எங்கே நின்றோம் என்பதற்கு அது சான்றாகும்.

இறுதியாக ஒன்று. அன்று படகைவிட்டு இறங்கியபோது அவருக்கு நன்றி சொன்னேன், பெயரைக் கேட்கவில்லை. இவ்வுரையை எழுதத் தொடங்கிய பிறகு அது உறுத்தியது. மறு ஞாயிறு படகுத்துறைக்குச் சென்று விசாரித்தேன். அன்று அவருக்கு விடுப்பு. வரும் ஞாயிறு மீண்டும் செல்ல இருக்கிறேன். உடன்வர விரும்புவோர் வரலாம்.